இருபதாவது பெயர்

பத்தொன்பது கையெழுத்து இருக்கிறது.
இருபது வந்தால்தான் குழுக் காப்புறுதி.
இல்லையென்றால் ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம்;
இரண்டு ஸ்டென்ட் வைத்த அறுபத்தெட்டு வயது நெஞ்சுக்கு
ஓய்வூதியத்தில் பாதி.

கொம்பனித்தெருவில் துவான் பொங்சோ வீட்டு முன்னறை.
ரயில் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள்,
போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குகிறார்கள்.
நான் முகவர்.
என் தரகு எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.
முப்பது வருடம் பொலிசில் இருந்தவர்களிடம்
மறைத்து என்ன வரப்போகிறது.

'ஏற்கனவே உள்ள நோய்கள்' என்ற கட்டத்தில்
சார்ஜன்ட் வீரக்கொடி சிங்களத்தில் எழுதினார்:
'சீனி. மேற்படியார் பதினொரு வருடமாக
என்னுடன் வசித்து வருகிறார்.'
சிரித்தார்கள். இருமினார்கள்.

இருபதாவது ஆளாக இருந்தவர் ஜயதுங்க.
பைபாஸுக்குக் காசு சேருமுன்
போன வெள்ளிக்கிழமை போய்விட்டார்.
மலர்வளையத்துக்குச் சேர்ந்த பணம்
சரியாக ஒரு காலாண்டுக் கட்டணம்.

"இன்னும் ஒருத்தன் இருக்கிறான்" என்றார் பொங்சோ.
ரயில் வராமலே பேச்சு நின்றது.

கொட்டாஞ்சேனை, நான்காம் மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை.
கான்ஸ்டபிள் சந்தியாப்பிள்ளை
எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார்.
ஒரு இரவு, ஒரு கூண்டு, தண்ணீர் கேட்ட ஒரு பையன்:
கண்டதை நீதிமன்றத்தில் அப்படியே சொன்னவர்.
இரண்டு பேர் உள்ளே போனார்கள்.
மற்றவர்கள் இவரோடு தேநீர் குடிப்பதை விட்டார்கள்,
இருபத்திரண்டு வருடமாக.

படிவத்தின் இரண்டு பக்கத்தையும் வாசித்தார்.
"வீரக்கொடியும் இருக்கிறாரா?"
"ஓம்."
"இப்ப எப்படி?"
"வலது காலில் ஒரு விரல் எடுத்தாச்சு."
அடுப்படியில் குக்கர் மூன்று முறை கூவியது.
"நான் வைக்காட்டி?"
"பத்தொன்பது பேருக்கும் இல்லை."
"உங்களுக்கும் தரகு இல்லை."
"ஓம் ஐயா. எனக்கும் இல்லை."
அப்போதுதான் சிரித்தார்.

தன் பெயரை எழுதினார்.
பழக்கத்தில் தன் பொலிஸ் இலக்கத்தையும் எழுதி, வெட்டினார்.
பிறகு மற்றத் தாள்களைப் புரட்டியவர்
அடியில் ஒரு கட்டம் எல்லாவற்றிலும்
வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார்.
சாட்சி.
"இதுக்கு ஒருத்தரும் கிடைக்கேல்லையா?"
"பிறகு பார்ப்போம் என்றார்கள்."
கண்ணாடியைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, திரும்பப் போட்டார்.
"தாங்கோ. எனக்குப் பழக்கம்தானே."

பத்தொன்பது முறை.
ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் வாசித்து,
அவசரப்படாமல்.
வீரக்கொடியின் தாளில் மட்டும்
பேனை சற்று நின்றது.
மை ஊறி ஒரு பொட்டு.

காரியாலயத்தில் அந்தப் பொட்டைக் காட்டிக் கேட்டார்கள்.
பேனை பழுது என்றேன்.