இரண்டு போத்தல்

வெள்ளிக்கிழமை வரை தவணை.
அதற்குள் சொல்லியாக வேண்டும்,
கல்லடியா கல்முனையா.

புவிதரனுக்கு அரசடியில் வங்கி.
எனக்குக் கல்முனையில் நீர் வழங்கல் சபை.
இடையே நாற்பது கிலோமீற்றர்.
களுவாஞ்சிக்குடியில் எடுங்களேன், என்றாள் தங்கை,
ரெண்டு பேரும் சமனாகக் களைப்பீங்க.
சமனாகக் களைக்கவா கலியாணம் கட்டினோம்?

கல்முனை வீட்டைக் காட்டியவர் உதுமாலெவ்வை.
"தங்கச்சி, ராவு பன்னெண்டுக்கும்
கொத்துரொட்டி கிடைக்கிற இடம் இது."
பொய்யில்லை.
தகட்டில் கொத்துகிற சத்தம் படுக்கையறைக்குள் வந்து
வாடகைப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது.
மாடிப்படி நெடுக
கைத்தொலைபேசி உறைகள், பெட்டி பெட்டியாய்.
மேல் கதவில் பூட்டு.
சாவி கடைக்காரரிடம்.
கடைக்காரர் கட்டாரில்.

கல்லடி வீடு பெல்த்தசார் டீச்சருடையது.
வாவிப்பக்கம் ஒரு ஜன்னல்.
பௌர்ணமிக்கு மீன் பாடும் அக்கா, என்றான் தரகர் பொடியன்.
அந்தப் பாட்டுக்கு மாதம் இரண்டாயிரம் கூட.
டீச்சர் சிரித்தா:
"நாப்பது வருஷமா இரிக்கன்,
எனக்குப் பாடினது நுளம்புதான்."

இரண்டு கிணற்றிலும் ஒவ்வொரு போத்தல் அள்ளினேன்.
திங்கள் காலை, லாப்பில் ஆள் வருமுன்
வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாய் விட்டேன்.
மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்புகிற
அந்தச் சொட்டோடு கையை நிறுத்த வேண்டும்.
பதினாலு வருடமாக இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கல்முனை சட்டென்று சிவந்தது. நல்ல தண்ணீர்.
கல்லடி சிவக்கவே இல்லை,
வாங்கிக்கொண்டே இருந்தது
கடன்காரன் மாதிரி.
நானூற்றிப் பத்து.
தேத்தண்ணி கரிக்கும், அரிசி மஞ்சளாய் வேகும்.

புவிதரன் எண்ணுக்குக் கீழே கோடு போட்டார்,
பேரேட்டில் போடுகிற இரட்டைக் கோடு.
"அப்ப முடிஞ்சுது. கல்முனை."

மறுகா ஒருக்கா ரெண்டையும் பார்ப்பம், என்றேன்.
ஏனென்று கேட்டார்.
சொல்லத் தெரியவில்லை.

கல்முனையில் கேட்டேன்:
அண்டைக்கு எவ்வளவு உசரம் வந்த?
உதுமாலெவ்வை கையை நெஞ்சுக்கு நேரே வைத்தார்.
யோசித்தார்.
கை தலைக்கு மேலே போனது.
பிறகு அவர் வேறு கதைகள் சொன்னார்,
கரண்ட் பில், முற்பணம், குப்பை லொறி வருகிற நாள்.
கையை இறக்க மறந்துபோனார்.

கல்லடியில் நான் கேட்கவில்லை.
கூடத்துக் கலண்டரை டீச்சரே கழற்றினா.
சுவரில் தேத்தண்ணிக் கறைபோல ஒரு கோடு,
என் காதுக்கு நேரே.
"அஞ்சு தரம் பெயின்ற் அடிச்சன்,
வெளியில வந்திரும்."

மேலே கூட்டிப்போனா. பதினேழு படி.
எண்ணியது நான் மட்டுமல்ல,
பின்னால் புவிதரனின் உதடும் அசைந்தது.
மேல் கதவுக்குக் கொளுக்கியும் இல்லை, பூட்டும் இல்லை,
ஒரு துண்டு நைலோன் கயிறு,
சின்னப் பிள்ளையும் இழுத்து அவிழ்க்கலாம்.

கள்ளன் வரமாட்டானா டீச்சர்?
"வந்தா வரட்டும் புள்ள.
பூட்டினா சாவி தேட வேணும்."

வியாழன் ராத்திரியே அட்வான்ஸ் கொடுத்தோம்.
இரட்டைக் கோட்டைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

இப்போது ஐந்தரை பஸ் எனக்கு.
ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம்,
செட்டிபாளையம் தாண்டும்வரை நித்திரை.
உதுமாலெவ்வை கோபிக்கவில்லை.
"வீட்டைத்தானே வேணாமெண்டீங்க, கிணறு என்ன செஞ்சது?
அள்ளுங்க."
குடியிருப்பது கல்லடியில்,
குடிப்பது கல்முனையை.

பின்னேரம் பஸ்ஸில்
கால்களுக்கிடையே ஐந்து லீற்றர் போத்தல் இரண்டு.
பிறேக் போட்டால் இரண்டும் சாய்ந்து
முன்சீற்றுக்காரரின் குதியில் முட்டும்.
நேற்று கொண்டக்டர் குனிந்து பார்த்தார்:
"என்ன கா,
ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா
ஊரைக் களவெடுக்கிறீங்களா?"

ரிக்கற் ஒன்றுதான் கிழித்தார்.