பதினான்காவது வளைவு

கல்விக் கடன் படிவத்தில்
எங்கள் படிப்புக்குக் கட்டம் இல்லை.
ஐந்து ரோடு கிளை மேலாளர்
பேனா மூடியைக் கடித்து யோசித்து
‘கணினி, முதலியன’ என்று எழுதினார்.
அந்த முதலியனவுக்குள்தான்
மூன்று வருடமாகக் குடியிருக்கிறோம்:
இருபத்தாறு பேர், ஒரு வீணை,
சாயக்கறை படிந்த கீபோர்டுகள்.

இறுதிப் பருவத்துக்கு நானும் அப்ரோஸும்
ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்தின்
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டினோம்.
வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சுருதி,
மூடுபனி எவ்வளவோ அவ்வளவு வெளுப்பு.
கொண்டை ஊசிகள் இருபது.
நெடுஞ்சாலைத் துறை ஒன்றிலிருந்து எண்ணுகிறது,
எங்கள் புரோகிராம் பூஜ்யத்திலிருந்து.
அதனால் ஏதாவது ஒரு வளைவு
பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தது.
அதைத் தேடிப் பிடித்துச் சாலையில் ஏற்ற
இரண்டு இரவு,
ஒன்பது தட்டுவடை செட்.

பதினான்கில் மட்டும்
கோடு படுத்துவிட்டது.
நான்கு நிமிடம் பதினோரு நொடி.

“வெட்டிடு” என்றான் அப்ரோஸ்.
“கேக்கறவன் தூங்கிடுவான்.”
வெட்டப் போனவள்
எதற்கும் இருக்கட்டுமென்று
ஒலிப்பதிவைப் போட்டேன்.

இன்ஜின் அணைகிறது.
ஒரு பெண் இறங்கி ஓடுகிறாள்,
குமட்டுகிறாள்.
‘நிதானமா வாங்கம்மா, வண்டி எங்கியும் போவாது’
இது கண்டக்டர்.
அதற்குமேல் ஐம்பது பேரும் ஒன்றும் பேசவில்லை.
மிக அருகில்
ஒரு ஆரஞ்சு உரிபடுகிறது.
யார் உரித்தார்கள், அவளுக்குத்தானா,
இருவருக்குமே நினைவில்லை.
அன்றைக்கு நாங்கள்
மடிக்கணினியில் எண்கள் ஓடுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்காட்சி நாள்.
சேலத்து வெயில் தகரக் கூரையில் ஏறி நிற்க
உள்ளே மலை மெல்ல இறங்கி வந்து
பதினான்கில் நின்றது.
திரை முழுக்க வெள்ளை, மூலையில் எண் மட்டும்.
ஒரு நிமிடம் பொறுத்த தேர்வாளர்
குனிந்து, ஒயர் கழன்றிருக்கிறதா பார்த்தார்.
“இதுல புரோகிராம் எங்கம்மா? மியூசிக் எங்க?”
அப்ரோஸ் என்னைப் பார்த்தான்.
நான் அவர் கையிலிருந்த மதிப்பெண் தாளை.
அதில் மூன்று கட்டங்கள். மூன்றும் காலி.

அப்போதுதான்
உரிபட ஆரம்பித்தது ஆரஞ்சு.
வெள்ளையின் ஓரத்தில் ஒரு சொட்டு நிறம்,
இன்னொன்று.

புரொஜெக்டருக்குப் பக்கத்தில்
ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எலக்ட்ரீசியன் சடையப்பன்
துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு
யாரையும் கேட்காமல் சொன்னார்:
“பதினாலா?
எனக்கும் அங்கதாம்மா பொரட்டும்.”