காலி எடை

நாலே முக்காலுக்கு
எண்ணூர் சாலையில் நிற்கும் ஏதோ ஒரு கன்டெய்னருக்கு அடியில்
டிரைவர் ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கும் சத்தத்தில்
என் ஓட்டம் தொடங்குகிறது.
ஓட்டம் என்பது மரியாதைக்கு.
நடையைவிடக் கொஞ்சம் வெட்கமான ஒன்று.

அரை டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான்.
டெரிக்கின் கண்டிப்பு.
கல்மண்டபம் பக்கம் ஜிம் வைத்திருக்கிறான்,
என் மகனைவிட இரண்டு வயது பெரியவன்.
"வெறும் வயித்துல ஓடுனாதான் ஆன்ட்டி,
எரிக்க வேற ஒண்ணும் இல்லாம
உடம்பு உள்ள இருக்குற சேமிப்புல கை வைக்கும்."
நாற்பத்து மூன்று வயதில்
என்னிடம் சேமிப்பு இருப்பதாகச் சொன்ன
முதல் ஆள் அவன்.

பகலில் எனக்கு எடைமேடையில் வேலை.
லாரி முதலில் காலியாக ஏறும், பிறகு சரக்கோடு.
கழித்துச் சீட்டு எழுதுவேன்.
காலி என்று வருகிற வண்டியில்
டேங்க் நிறைய டீசல் இருக்கும்,
கிளீனர் பையன் சுருண்டு தூங்குவான்.
எழுப்பி இறக்கிவிட வேண்டும், பாவம்.

டாக்டர் தாளில் எழுதினார்: கொழுப்பு.
பக்கத்தில் இரண்டு எண்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தேசராணிக்குக் கொழுப்பு என்று
எங்கள் தெருவே சொல்லியிருக்கிறது,
எண் போடாமல்.
ஏலத்தில் சித்தப்பாவின் கணக்கைத் திருத்தியபோது.
பத்தாவதோடு நிற்க மாட்டேன் என்றபோது.
கன்னியப்பன் ஓங்கிய கையை
அந்தரத்திலேயே பிடித்து
"இறக்கு" என்றபோது
அவன் அம்மா வாசலுக்கு வந்து
நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள்.
அன்று என் உடம்பில்
நெத்திலிக்கு இருக்கிற கொழுப்புகூடக் கிடையாது.

காசிமேடு வளைவில்
ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கு நடுவிலிருந்து
பவுனம்மா கத்துகிறாள்:
"இன்னாடி தேசு, எவன் தொரத்துறான்?"
திரும்பிப் பார்த்தே விட்டேன்.
பழக்கம்.
ஒரு நாய் மட்டும்,
அதுவும் என்னைவிட மெதுவாக.

அவளும் வெறும் வயிறுதான்.
மூன்று மணிக்கு வந்தவள்,
கூடை தீர்ந்தால்தான் டீ.
அதற்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை.
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
"இளைச்சிட்ட போ" என்கிறாள்.
பொய். ஆனாலும்
அடுத்த விளக்குக் கம்பம் வரை அது போதுமாயிருந்தது.

மூன்றாவது கிலோமீட்டர்.
காற்று மணலிப் பக்கமிருந்து திரும்புகிறது.
யாரோ வடகறி தாளிக்கிறார்கள்,
கண்ணுக்குள் சின்னச் சின்னப் பூச்சிகள்.
அலைத்தடுப்புக் கல்லில் கை ஊன்றி நிற்கிறேன்.
டெரிக்கிடம் கேட்க மறந்த கேள்வி
இப்போதுதான் வருகிறது:
எரியத் தொடங்கினால்
எது எந்தக் கொழுப்பு என்று
உடம்புக்குத் தெரியுமா?

இடுப்பில் இருப்பதை எடுத்துக்கொள்.
பின்கழுத்தில், புஜத்தில்,
ரவிக்கை மூன்று முறை பிரித்துத் தைத்ததை எல்லாம்.
அந்தக் கையைப் பிடித்ததை மட்டும்
தொடாதே.
கல்லுக்கு அந்தப் பக்கம் கடல்
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு யார்டில் யாருமில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
அறுபது டன் மேடையில் தனியாக ஏறி நின்றேன்.
பெட்டியில் சிவப்பு எழுத்து கொஞ்சம் தடுமாறி
எண்பது என்றது.
போன மாதமும் எண்பதுதான்.
பத்துப் பத்தாக எண்ணுகிற மிஷின் அது,
நான் தொலைத்த இரண்டு கிலோ
அதன் காதில் விழவில்லை.

இறங்கி,
டப்பாவைத் திறந்தேன்.
நாலு இட்லி, நேற்றைய காரப்பொடிக் குழம்பு.
கேட்டில் முதல் லாரி ஹாரன் அடித்தான்.
இரு, என்றேன்.
"கொழுப்பைப் பாரு" என்று அவன் சொன்னது
நன்றாகவே கேட்டது.