காற்றுப் பக்கம்

புந்தா அரேனாஸ் துறைமுக அலுவலகத்தில்
சர்வர் இருப்பது
துடைப்பங்களும் பினாயில் வாளியும் இருக்கும் அறையில்.
ஜூலை. மணி ஒன்பதாகியும் வெளியே இருட்டு.
ஒயார்சோ வந்து நின்றார்:
"நெலிடா, போன வருடம் நம் தளத்துக்கு
நாற்பதாயிரம் பேர் வந்ததாக எழுதினோமே,
இந்த வருடம் எவ்வளவு?"
எண்ணியது யார் என்று கேட்டேன்.
ஜன்னலைப் பார்த்தார்.

பதிவுக் கோப்பைப் படிக்க ஒரு நிரலை நிறுவினேன்.
முதல் ஓட்டத்தில் அது சொன்னது:
வரிகள் ஆறு லட்சம்.
புரிந்தவை பூஜ்யம்.
ஒரு மேற்கோள் குறி. அவ்வளவுதான்.
உலாவியின் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டியதை
எவரோ விட்டிருக்கிறார்கள்
(மூன்று வருடம் முன்பு, அநேகமாக நான்).
அதைப் போட்டதும்
மடை திறந்தாற்போல் எண்கள்.

அடுத்த தகராறு நேரம்.
நிரல் சாந்தியாகோ கடிகாரத்தை நம்பியிருந்தது.
குளிர்காலத்தில் தலைநகரம்
எங்களுக்கு ஒரு மணி பின்னால்.
அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

பிறகு புடைக்க உட்கார்ந்தேன்.
தேடுபொறிகளின் சிலந்திகள் போயின.
பூட்டு தொங்குகிறதா என்று
இல்லாத கதவுகளையும் ஆட்டிப் பார்க்கும் திருட்டு நிரல்கள் போயின.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
'உயிரோடு இருக்கிறாயா' எனக் கேட்கும் எங்கள் கண்காணிப்பானும் போனது,
அது மட்டுமே லட்சத்துக்கு மேல்.
பதர் பறந்தபின் முறத்தில் நின்றது
நாளொன்றுக்குப் பதினொரு பேர்.
அதில் ஒருத்தி நான்.

அன்று ஒயார்சோவிடம் சொல்லவில்லை.

சிவப்பில் ஒரு பட்டியல் பாக்கி இருந்தது:
கேட்டும் கிடைக்காத பக்கங்கள்.
உச்சியில் 'காற்று'.
மார்ச்சில் நாங்கள்தான் அதன் பெயரை மாற்றினோம்,
'கடல்சார் வானிலைத் தகவல் சேவை' என்று,
கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டுமே என்று.
தினமும் காலை ஐந்து பத்துக்கு
யாரோ அந்தப் பழைய பெயரில் கேட்டிருக்கிறார்.
ஜலசந்திக்கு அக்கரை எண். அரதப் பழைய கைபேசி.
நானூற்று நான்கு.
ஐந்து பதினொன்றுக்கு இன்னொரு முறை,
தள்ளித் திறக்காத கதவை இழுத்தும் பார்ப்பதுபோல்.
நானூற்று நான்கு.
நூற்றொன்பது காலை, ஞாயிறு நீங்கலாக.

நண்டுப் படகுக்காரரா,
படகிலிருக்கும் மகனுக்காகப் பார்க்கும் தாயா,
ஆட்டுப்பட்டி வேலையாளா,
பதிவுக் கோப்பு சொல்லாது.
வந்ததை எழுதும்; வந்தவரைக் கேட்காது.
காற்று கிடைக்காத அந்தக் காலைகளில்
என்ன செய்தார்?
ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தாரா?

ஒரே ஒரு வரி எழுதினேன்:
பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பு.

மறுநாள் ஐந்துக்கே வந்துவிட்டேன்.
காவலாளி எதாவது கேட்பார் என்று
ஒரு பொய்கூட வைத்திருந்தேன். கேட்கவில்லை.
கோட்டைக் கழற்றாமல் திரையைப் பார்த்திருந்தேன்.

05:10:42. முந்நூற்று ஒன்று.
05:10:43. இருநூறு.
மேற்கிலிருந்து முப்பத்தெட்டு நாட், மதியம் கூடும்.

ஐந்து பதினொன்றுக்கு
எதுவும் வரவில்லை.

அறிக்கையில் என்னைக் கழித்தேன், அவரைக் கூட்டினேன்.
அதே பதினொன்று.
ஒயார்சோ மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.
"சைபர் எதுவும் விட்டுப்போயிற்றா, நெலிடா?"
இல்லை என்றேன்.
விட்டுப்போனது ஒரு மேற்கோள் குறிதான்.
அதையும் போட்டாயிற்று.