எடைக்கல்

ஓ.டி.யிலிருந்து முதல் பஸ்.
பன்னிரண்டு மணி நேரத்து வெறும் வயிறு
எனக்கு முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளும்.
கெடிலம் தாண்டினால் ஒரு வடைக்கடை,
ரெட்டிச்சாவடியில் இன்னொன்று,
கன்னியக்கோயிலில் மூன்று.
மூன்று வருடக் கணக்கு இது.

புதுச்சேரியில் எனக்குப் பெயர் கிடையாது.
நான் பதினான்கு.
யூஜினி சிஸ்டர் மட்டும் கதவைச் சாத்திவிட்டு
‘என்ன, ஐஸ் கம்பெனி’ என்பார்.

முதல் நாள் குழாயில் ஏறியது
ரத்தம் என்று நான் நம்பவில்லை.
ரோஸ்மில்க்.
சுழற்றி எடுத்ததும்
அடியில் சிவப்பு, மேலே பால்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்றார் டாக்டர்,
நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.
கணையம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.
சித்தப்பாவின் முதுகு வரை துளைத்த வலிக்கு
ஊர் வைத்த பெயர் சாராயம்.
அவர் அதைத் தொட்டதே இல்லை.

பதினேழு இடத்தில் கையெழுத்து.
மாதம் ஓர் ஊசி, தொப்புளுக்குப் பக்கத்தில்.
உள்ளே மருந்தா, வெறும் உப்புநீரா,
போடுகிறவருக்கும் தெரியாது.
வீட்டில் செண்பகவல்லி
நாளுக்கு மூன்று ஸ்பூன் எண்ணெயை
அளந்து ஊற்றினாள், எல்லோருக்குமாகச் சேர்த்து.
மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
வெளியே தின்றிருப்பான், பாவம்.

அந்த ஐப்பசியில்
ஐஸ் பிளான்ட்டின் ஈரத் தரையில் சுருண்டு விழுந்தேன்.
ஒன்பது நாள், சொட்டுச் சொட்டாய் குளுகோஸ்.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.
‘பாதகமான நிகழ்வு.’
யூஜினி டிக் போட்டார்.

பிறகு எல்லோருக்கும் மருந்தே என்றார்கள்.
இப்போது முந்நூற்றுப் பத்து.
போன மாதம் பூட்டைத் திறந்து சொன்னார்கள்:
முதல் வருடம் எனக்கு வந்தது உப்புநீர்.

மச்சான் கேஸ் போடு என்றான்.
நான் பிளான்ட்டின் பழைய தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு தட்டில் ஐஸ்,
மறு தட்டில் இரும்புக் கல்.
கல்லை யாரும் விலைக்குக் கேட்பதில்லை,
அது இல்லாமல் ஐஸுக்கு எடையும் இல்லை.
நான் கல்லாக இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.
கல்லுக்கு வலிக்காது.
எனக்கு வலித்தது.

இன்று ஜன்னலோரம் பரிதி.
இருபது வயது, ராத்திரியிலிருந்து பட்டினி.
கன்னியக்கோயிலில் மூக்கை விடைத்துவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
அவன் ரத்தம் இப்போது இயந்திரத்தில் சுழல்கிறது.
நின்றதும்
யூஜினி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.