நாலு, நாலு, ஒன்பது

ஒரு கிராம் நிலக்கரி.
கண்மை போலச் சலித்த பொடி.
எஃகுக் குடுவையில் வைத்து ஆக்சிஜன் அடைத்துத்
தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிப் பொத்தானை அழுத்தினால்
உள்ளே ஒரு தீ. யாரும் பார்த்ததில்லை.
வெளியே தண்ணீர் ஒன்றரை டிகிரி ஏறும்.
அவ்வளவுதான் என் உத்தியோகம்,
எண்ணூர்க் கழிமுகம் தாண்டி, அனல்மின் நிலையத்தில்:
தண்ணீருக்கு எவ்வளவு சுட்டது என்று எழுதிக் கொடுப்பது.

செவ்வாய்க்கிழமை வந்த கப்பல்
கிலோவுக்கு மூவாயிரத்து நானூற்று ஐம்பது கிலோகலோரி.
எங்கேயோ பார்த்த எண்.
இரவு உலை வைக்கும்போது அரிசிப் பையைத் திருப்பினேன்.
நூறு கிராமுக்கு முன்னூற்று நாற்பத்தைந்து.
பத்தால் பெருக்கிவிட்டுச் சிரித்தேன்.
கொதிக்கிற பானையும் கொதிகலனும்
ஒரே ரேஷன் கார்டு.

அன்றிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம்.
மாவுச்சத்துக்கு நாலு, புரதத்துக்கு நாலு, கொழுப்புக்கு ஒன்பது.
தண்டையார்பேட்டையில் ரயிலேறினால்
திருவொற்றியூர் வருவதற்குள்
ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கூட்டி முடித்துவிடுவேன்.
எழுபத்தேழு, ஏழு, பதின்மூன்று;
முன்னூற்றெட்டு, இருபத்தெட்டு, நூற்றுப் பதினேழு.
நானூற்று ஐம்பத்து மூன்று வர வேண்டும்.
அச்சடித்திருப்பது நானூற்று ஐம்பது.
அந்த மூன்றைத் தின்றது யார்?
பக்கத்து சீட்டுக்காரர் சந்தேகமாகப் பார்க்கிறார்,
பிஸ்கட்டை இன்னும் பிரிக்கவே இல்லை நான்.

குடுவைக்கு எல்லாம் தீதான்.
தவிட்டு நாரைக்கூட அது கொளுத்திக் கணக்கில் சேர்க்கும்;
நம் குடலோ நாரை வழியனுப்பி வைக்கும்.
புரதம் குடுவையில் ஐந்தரைக்கு மேல் எரியும்,
உடம்பில் நாலோடு நிற்கும்,
மிச்சம் மூத்திரத்தில்.
மாவு சுள்ளி. பற்றும், அணையும்.
கொழுப்பு பரணில் அடுக்கிய கட்டை.
புரதம் வாசல் நிலை.
விறகு தீர்ந்த வீடுதான்
அதைப் பிளந்து அடுப்பில் வைக்கும்.

ஏகவல்லி பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளுகிறவள்.
காட்டுக்குப்பம். கான்ட்ராக்ட்.
மாதிரி மூட்டையை இறக்கிவிட்டு நின்றாள்.
"கரிக்கெல்லாம் பார்க்கிறியே,
என் சோத்துக்கு எம்மாம் வரும், போட்டுப் பாரேன்."

ஆய்வுக்கூடத்தில் உணவு கூடாது என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான்.
மூடியின் மேல் மெல்லிய சாம்பல்.
விரலால் வழித்தேன். அதற்குச் சைபர்,
ஏற்கெனவே எரிந்தது.

பெரிய தராசில் சோறு நானூறு கிராம்.
கருவாடு இரண்டு துண்டு, முப்பது.
எண்ணெய் எவ்வளவு என்றேன்.
"எண்ணெயா? காட்டினேன் அதுக்கு."
ஒரு ஸ்பூன் என்று எழுதிக்கொண்டேன்.
மாவு நூற்றுப் பன்னிரண்டு, நாலால்.
புரதம் இருபத்தைந்து, நாலால்.
கொழுப்பு ஏழு, ஒன்பதால்.
அறுநூற்றுப் பதினொன்று.

எட்டு மணி நேர மண்வெட்டிக்கு
ஆயிரத்து எண்ணூறாவது வேண்டும்.
காலையில் என்ன சாப்பிட்டாய்?
டீ. பன்.
இரவு?
"பார்க்கணும்."

கால்குலேட்டரிலிருந்து நிமிர்ந்தபோது
அவள் கழுத்தெலும்பு தெரிந்தது,
அதன் குழியில் கொஞ்சம் கரித்தூள்.
வாசல் நிலை.

"இன்னா சொல்லுது மிசினு?"
கொஞ்சம் குறையுது, என்றேன்.
"நம்ம சம்பளம் மாதிரி."

என் டப்பாவைத் திறந்து முட்டையைத் தராசில் வைத்தேன்.
ஐம்பத்தொரு கிராம்.
புரதம் ஆறு, கொழுப்பு ஐந்து; அறுபத்தொன்பது.
அறுநூற்று எண்பது என்று எழுதுவதற்குள்
"கூட்டினது போதும், ஆறிப்பூடும்" என்று
முட்டையைப் பிட்டு
ஒரு பாதியை என் மூடியில் தள்ளினாள்.

எண்பதை அடித்தேன்.
நாற்பத்தைந்தரை.