ஒட்டியிருந்த தாள்கள்

போயா என்பதால் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது.
ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
ஃபோட்டோகொப்பி இயந்திரத்தைச் சுற்றி ஐந்து கதிரை.
புத்தகம் ஒன்றுதான், அது என்னுடையது.
மற்ற நாலும் என் கைவேலை,
ஓரம் கறுத்து, சுருள்கம்பி கோத்து:
‘எண்பதாம் மூலகம்.’

பாதரச மழை பெய்யும் ஒரு கோளில்
சித்தர் உலை மூட்டுகிறார்.
குளிகையின் பலத்தில் விண்கலம் ஓடுகிறது.
வாலைக் கவ்விய நாகம் அதற்குக் காவல்.
செய்கிற ஒவ்வொரு பவுனுக்கும்
அவர் நினைவிலிருந்து ஒரு நாள் கழிகிறது.
இவ்வளவுதான் கதை.
இவ்வளவும் கதையா என்றார் கருணைராஜா மாஸ்டர்.

இரசாயன மாஸ்டர். சிவப்புப் பேனாவோடுதான் வாசித்திருந்தார்.
“பாதரசத்துக்கு எண்பது புரோத்தன்,
தங்கத்துக்கு எழுபத்தொன்பது.
ஒன்றைக் கழற்றினால் போதும், அது சரி.
விறகு அடுப்பிலா கழற்றுவது?”

ஃபர்ஸானா வங்கியில் அடகுப் பகுதி.
“மாசக் கடைசியில் வளையல் கழற்றுகிற கையை
இந்த எழுத்தாளர் ஒருநாளும் பார்த்ததில்லை.
பார்த்திருந்தால் முப்பது பக்கம் குறைந்திருக்கும்.”

டெரன்ஸ் நாகத்தின் கட்சி.
ஓட்டோவில் ஹயர் இல்லாத நேரமெல்லாம்
ஹேண்டிலில் சாய்த்து மூன்று தரம் வாசித்தானாம்.
“எனக்குப் பறக்குது, அவ்வளவுதான்.
சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள ரயில் நுழையிறப்போ
அந்த வாலைப் பார்த்தேன்.”

நான் சும்மா இருந்திருக்கலாம்.
“பச்சைக் கொழுந்து கறுத்துக் காசாகுதே,
அதுவும் ரசவாதம் மாதிரி…”
நல்லலெட்சுமி கையைத் தூக்கினாள்.
“அது மட்டும் வேணாங்க்கா.
டூரிஸ்ட் பஸ்ஸில சொல்லிக்கட்டும்.”
எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

மேற்கணக்கிலிருந்து வருகிறாள்,
பிரதியைப் பொலித்தீனில் சுற்றி, தலையை நனையவிட்டு.
“எண்பதில ஒன்னு குறைஞ்சா தங்கம்.
எங்களுக்குப் பதினெட்டு கிலோவில ஒன்னு குறைஞ்சா
அரைப்பேர்.
அத விடுங்க.
உலைக்கு வெறகு போடுறாளே ஒருத்தி,
மொத அத்தியாயத்திலருந்து போடுறா.
நாகத்துக்குப் பேரிருக்கு, கப்பலுக்கு இருக்கு,
ஒடஞ்ச சட்டிக்குக்கூட ஒன்னு வச்சிருக்கான்.
அவளுக்கு?”

மாஸ்டர் பக்கங்களைப் புரட்டினார்.
ஃபர்ஸானாவும் புரட்டினாள்.
மழை வந்தது, டெரன்ஸுக்கு நோர்வூட்டுக்கு ஹயர் வந்தது.
கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

இரவு புத்தகத்தை எடுத்தேன்.
நூற்று நாற்பத்தொன்றைத் திருப்பினால்
நூற்று நாற்பத்துநாலு.
நடுவில் இரண்டு தாள், பனி ஈரத்தில் ஒன்றாகி.
நகத்தால் மெல்லப் பிரித்தேன்.

இடப்பக்கத்தில் அவள் கரிக்கையைத் துடைத்துவிட்டு
சித்தருக்கு எதிரே வந்து நிற்கிறாள்.
மின்னாயி, என்கிறாள். என் பேர் மின்னாயி.
அவர் நல்ல பேர் என்கிறார், திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார்.
வலப்பக்கத்தில், அன்றைக்கே பொழுதுசாய,
ஒரு பவுன் செய்கிறார்.

இது இல்லாமல்தான்
முடிவு சரியென்றும் பிழையென்றும்
மூன்று மணித்தியாலம் சண்டை பிடித்தோம்.
நானும்தான், மூலத்தை மடியில் வைத்துக்கொண்டு.

இயந்திரத்தைப் போட்டேன். சூடேறட்டும்.
மேற்கணக்கில் இரவில் சிக்னல் கிடையாது,
தெரிந்தும் அந்தப் பேரை மட்டும்
நல்லலெட்சுமிக்கு அனுப்பினேன்.

மலைக்கு ஏறிய பிறகு பார்த்திருப்பாள்.
ஏழரைக்குப் பதில் வந்தது:
முழுப்பேராக்கா?